கெங்கம்மாளின் மறுதேர்வு

மலையேற்றச் சங்கம் உரிமம் கொடுத்திருந்த ஏழு வழிகாட்டிகளில் கெங்கம்மாள் ஒருத்திதான் பெண். ஜவ்வாது மலைக்கு மாணவிகளை அனுப்பும் கல்லூரிகள் அவளைத்தான் கேட்கும். உரிமத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு குழுவை நடத்திக் காட்ட வேண்டும், முதலுதவியும் செய்து காட்ட வேண்டும். நடப்பதில் அவளுக்குப் பயமே இல்லை. ஆனால் 1984 சித்திரையில் நடந்த தேர்வில் அவள் ஒரு மாணவியின் காலில் போட்ட கட்டு நாலடி நடப்பதற்குள் அவிழ்ந்துவிட்டது. தேர்வாளர் தேவராஜ், "ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாரம் ஒருமுறை ஆலங்காயத்துக்கு இறங்கி, நர்சு ரஞ்சிதத்திடம் கட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். வீட்டில் பழகுவதற்குப் புருஷன் மாதையனின் கால் இருந்தது.

"கொல்லைக்குக் களையெடுக்கப் போவணும், வுடு கெங்கா. என் காலு நல்லாத்தான் கீது."

"ஒடிஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கினு குந்து. இறுக்குதா?"

"வெரலு மரத்துப்போச்சி."

அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். ஒருநாள் மாதையன் பொறுமையிழந்து கட்டோடு போய்ச் சாமைக் கொல்லையில் மத்தியானம் வரை களையெடுத்தான். கட்டு அப்படியே இருந்தது. அன்றைக்குக் கெங்கம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

மறுதேர்வு நாளில் ஆறு மாணவிகள் வந்தார்கள். கடைசி ஆளாகத் தேவராஜ் நோட்டில் எழுதியபடியே நடந்தார். ஓடைக்கு இறங்கும் பாறை முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது.

"பாசி கீது. எல்லாரும் குந்திக்கினே எறங்குங்க" என்றாள் கெங்கம்மாள்.

மாணவிகள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இறங்கினார்கள். தேவராஜ் மட்டும் நின்றபடி எழுதினார். மறுநிமிடம் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

கெங்கம்மாள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். கால் விரலை அசைக்கச் சொன்னாள். அசைகிறது என்றார்.

வலியில் வியர்த்திருந்தாலும் அவர் கேள்வியை விடவில்லை. "ஷூவைக் கழட்டணுமாம்மா?"

"வேணாம் சார். கழட்டினா வீங்கிடும், மறுபடி மாட்ட முடியாது. ஷூ லேசைத் தளத்திட்டு அதுக்கு மேலயே கட்டறேன்."

"முடிச்சு எங்க வரணும்?"

"அடிபடாத பக்கம். கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார்."

தன் பையிலிருந்த கட்டுத்துணியை ஓடைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாள். செங்குத்தான குறுக்கு வழியை விட்டுவிட்டு, சுற்றானாலும் சமமான வண்டித்தடத்தில் கூட்டிப்போனாள். மாணவிகள் இருவர் இருவராக மாறி மாறி அவருக்குத் தோள் கொடுத்தார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது.

டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்த தேவராஜ் கட்டைத் தட்டிப் பார்த்தார். "நீங்க சொன்னப்பவே நானும் உக்காந்திருக்கணும், கெங்கம்மா."

"ஆமாம் சார்" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டு, உரிமப் புத்தகத்தை வாங்கி 1987 வரைக்கும் கையெழுத்துப் போட்டார். மாணவிகள் கைதட்டினார்கள். கெங்கம்மாள் எல்லோருக்கும் டீ சொன்னாள். தை மாதம் இன்னொரு குழுவாக வரலாமா என்று கேட்ட பெண்ணிடம், "வாங்க, அப்போ மழ இருக்காது" என்றாள்.