எட்டாம் துறைக்கும் ஒன்பதாம் துறைக்கும் நடுவே

வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வலி என்றுதான் அவள் நினைத்தாள். ரேசரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"எட்டாவது துறையில குடிதண்ணிக் குழாய் இருக்கான்னு கேட்டு எழுதியிருந்தேனே. பதில் வந்துச்சா?"

"இன்னும் வரலைங்க."

"வரும். அந்த ஆளு சோம்பேறி. ஆனா பதில் போடாம இருக்கமாட்டான்."

வேலையைத் தொடரலாம் என்பதுபோலக் கன்னத்தை நீட்டினார். நீட்டுவதற்கு அங்கே கன்னம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துத்தான் மழிக்க வேண்டியிருந்தது.

காலையில் வந்த நர்ஸ், கை கழுவிக்கொண்டே, "பொண்ணை வரச் சொல்லிடுங்கம்மா," என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருக்கிறாள் என்று இவள் சொன்னாள். நர்ஸ் குழாயை மூடினாள். "இன்னைக்கே வரச் சொல்லுங்க."

மகளுக்கு ஃபோன் செய்தாள். வெந்நீர் போட்டாள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவருக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தாள்.

அவர் முப்பத்தொரு வருஷம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். சரக்கோடு வரும் லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தி, எடை பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். வேலையிடத்தில் அவருக்குப் பெயர் தராசு. லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவார். மேடையும் ஐம்பது கிலோ முன்னே பின்னே அதையேதான் சொல்லும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். "ஐம்பத்திரண்டு," என்றார்.

ஓய்வு பெற்ற மாதமே அந்தப் படகை வாங்கினார். பதினாறு அடி நீளம், பின்பக்கம் ஒரு மோட்டார், இரண்டு மூன்று பேர் கைமாறி வந்த படகு. கரையை ஒட்டியே தெற்கே போய், கரை முடிகிற இடத்தில் இருக்கிற கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பது திட்டம். இருபத்துமூன்று நாள், வழியில் படகை நிறுத்தப் பதினான்கு துறைகள். முதல் வருஷம் மோட்டார் படுத்துக்கொண்டது. இரண்டாம் வருஷம் மகளுக்குப் பிரசவம். மூன்றாம் வருஷம் காற்று ஓயவே இல்லை. நான்காம் வருஷம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு பட்டறையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியபடியே இருந்தது. திட்டம் மட்டும் வீட்டு ஹாலில் வளர்ந்துகொண்டிருந்தது. சுவரில் வரைபடம், வரைபடத்தில் ஊசிகள், ஒவ்வொரு துறையிலும் யாராவது ஒரு ஆளுக்குக் கடிதம். "எல்லாரும் போற ஊருக்கு வழி கேப்பாங்க. உங்கப்பா அந்த ஊர் நாய்க்குப் பேர் கேட்டு எழுதுறாரு," என்று மகளிடம் அவள் சொல்வதுண்டு. அவள் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். திட்டத்தை நான்கு தடவை சுத்தமாக அடித்துக் கொடுத்திருந்தாள்.

ஆரம்பத்தில் அவர் கூப்பிடத்தான் செய்தார். "தண்ணியை டம்ளர்ல பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். என்னை விட்டுடுங்க," என்பாள். ஒருமுறை அரைமணி நேர ஃபெர்ரியில் மூன்று தடவை வாந்தி எடுத்தவள் அவள். மூன்று வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திவிட்டார். திட்டத்தை ஒரு ஆளுக்கு என்று மாற்றி எழுதினார். அந்தப் பக்கத்தையும் அவள்தான் அடித்துக் கொடுத்தாள்.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். சவரம் செய்த முகம் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது. நர்ஸ் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"நானும் வரேங்க."

"எங்க?"

"படகுல. உங்ககூட."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள், இல்லையென்றால் கையைப் பிடிப்பார். அவர் முகம் சுருங்கியது. சரக்கை ஏற்றிக் கட்டி முடித்த லாரியில் இன்னும் இரண்டு மூட்டை போடச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"இப்ப வந்து சொல்றியே," என்றார். "அந்த நோட்டை எடு."

தலைமாட்டில் இருந்த நீள நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். எடைக் கணக்கு அங்கே இருந்தது. படகு தாங்குவது நானூற்றைம்பது கிலோ. எரிபொருள், தண்ணீர், நங்கூரம், பேட்டரி, கருவிகள், அடுப்பு, படுக்கை, அவர். அலைக்கென்று விட்டுவைத்தது ஒரு நாற்பது கிலோ. கூட்டினால் சரியாக நானூற்றைம்பது. அந்தக் கூட்டுத்தொகைக்கு வர அவருக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"எல்லாம் அந்த எட்டாவது துறையால வர்ற வினை," என்றார். "எட்டை விட்டா ஒன்பதுவரைக்கும் எரிபொருள் கிடையாது. ஒரு நாள் பூரா சதுப்புக் காடு. கேன் கேனா சுமந்துட்டுத்தான் போகணும். எழுது. நீ எழுபத்தொண்ணு."

"அறுபத்தெட்டுதான்."

"எழுபத்தொண்ணு. உனக்குத் தண்ணி இருபது. உன் துணிமணி ஒன்பது. நூறு."

நூறு என்று எழுதினாள்.

வெட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தூங்கிவிட்டார் என்று அவள் பென்சிலைக் கீழே வைக்கும்போது, "ரெண்டாவது நங்கூரம் வேண்டாம். பதினாலு," என்பார். அடுப்பு போயிற்று. இரண்டாவது பேட்டரி போயிற்று. "தரையில படுத்துக்கலாம். படுக்கை வேண்டாம். உனக்கு முதுகு வலிக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

"அப்புறம் அங்க வந்து புலம்பக்கூடாது."

"புலம்பமாட்டேன்."

கருவிகளில் பாதியை விட்டுவிட்டார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் சேர்த்து அறுபத்துநான்கு கிலோ. இன்னும் முப்பத்தாறு இடித்தது.

மகள் பதினொன்றரை மணிக்கு வந்தாள். பல் கட்டும் லேபில் வேலை. விரல் நகங்களில் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, "வாம்மா. உங்கம்மா வராளாம். எல்லாத்தையும் குழப்பிட்டா," என்றார்.

சமையலறையில் மகள் குரலை அடக்கிக் கேட்டாள். "என்னம்மா இது? இந்த நேரத்துல போயி அவரைப் போட்டுக் கணக்கு எழுத வெச்சிட்டிருக்க?"

"காலையிலேர்ந்து பேசுறாருடி. நாலு நாளா இவ்வளவு பேசல."

"நிஜமாவே நீ வரேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கியது; மகள் எட்டி அணைத்தாள்.

திரும்பி வந்தபோது அவர் தெளிவாக இருந்தார். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார்.

"ஒரு வழி இருக்கு. எட்டாவது துறையில நீ இறங்கிடு. அங்கேர்ந்து ஒன்பதுக்கு பஸ் இருக்கு, விசாரிச்சு வெச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்துடுவ. நான் படகுல வந்துடுறேன். அந்த ஒரு நாள்தான். மத்தபடி நீ படகுலதான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாளாக இல்லாத சிரிப்பு.

"நல்லா இருக்கே. பஸ்ல போறதுக்கா இத்தனை வருஷம் கழிச்சு வரேன்னு சொன்னேன்? வந்தா முழுசா வருவேன். உங்களை அந்தக் காட்டுல தனியா விட்டுட்டு நான் ஜன்னல் சீட்டுல உட்கார்ந்துட்டு வரணுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவும் சரிதான்," என்றார். "தப்புதான் அது. அடிச்சிடு."

அவள் இன்னும் எழுதவே இல்லை. அடிப்பதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

மதியம் கழிந்தது. தெருவில் யாரோ கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை உள்ளே வந்தது. மகள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அவர் போர்வைக்கு மேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கைவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு போர்வைக்குள் கால் இருக்கிற இடத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். எடைமேடைக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் பார்த்திருக்கிறாள். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பும்போது இப்படித்தான் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்ப்பார்.

"என் எடை என்னன்னு போட்டிருக்கு?"

"எழுபத்தெட்டு."

"அதை அடி."

அவள் அசையவில்லை.

"நாற்பத்தொண்ணுன்னு போடு."

திங்கட்கிழமை நர்ஸ் எடை பார்த்து ஃபைலில் எழுதியதும் அதுதான். அந்த ஃபைலை அவர் கண்ணில் படாமல் பீரோவுக்குள் வைத்திருந்தாள். மகள் ஜன்னலருகிலேயே நின்றாள், திரும்பவில்லை.

"எதுக்குங்க இப்ப. காத்து ஓயறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீங்க தேறிடுவீங்க. கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சா..."

"போடு."

போட்டாள். மேலிருந்து கீழே கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.

"வருதா?"

"வருதுங்க."

"எவ்வளவு?"

"நானூத்து நாற்பத்தொன்பது."

அவர் தலையசைத்தார். "ஒரு கிலோ மிச்சம் இருக்கு," என்றார். "உனக்கு ஏதாவது எடுத்துக்கணும்னா எடுத்துக்கோ."

அதற்கப்புறம் படகைப் பற்றி அவர் பேசவில்லை. நோட்டை எங்கே வைக்கட்டும் என்று கேட்டதற்கு, எங்கேயாவது வை என்றார். மகள் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள், ஒரு வாய் குடித்தார். மூன்று மணிக்கு மேல் மூச்சு விட்டு விட்டு வந்தது. நாலரைக்கு, வெளியே பெயின்ட் அடிக்கிறவர்கள் டப்பாவை மூடித் தட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே போன மூச்சு திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் அடுத்த மூச்சுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து எடுத்துப் போக நாலு பேர் வந்தார்கள். மாடிப்படி வளைவில் திருப்புவது சிரமமாக இருக்கும் என்று முதலிலேயே பேசி, யார் முன்னால் யார் பின்னால் என்று முடிவு செய்துகொண்டார்கள். தூக்கியதும் அவர்களில் ஒருவன், வாய் தவறி, "வெயிட்டே இல்லையே," என்றான். பக்கத்தில் இருந்தவன் அவனை முறைத்தான். இவள் படிக்கட்டின் மேலே நின்று, அவர்கள் வளைவில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சிரமம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் கட்டில் இருந்த இடத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ல வரேன்னு சொல்லியிருக்கலாம்."

"என்னம்மா?"

"ஒரே ஒரு நாள்தான். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்திருப்பேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கணக்கு முடிஞ்சிருக்கும். அவரு எழுபத்தெட்டாவே இருந்திருப்பாரு."

மகள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா. அப்பாவுக்கு வந்தது வயித்துல. பஸ்ல இல்ல. நீ எது சொல்லியிருந்தாலும் அன்னைக்கு சாயங்காலம் அதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதானே நீயும் வரேன்னு சொன்ன?"

"அதான்டி," என்றாள். "நான் தெரிஞ்சு சொன்னேன். அவரு அதுவரைக்கும் தெரியாம இருந்தாரு."

மகள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அடுத்த வாரம் படகுப் பட்டறைக்காரர் ஃபோன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, படகை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். வேறு இரண்டு படகு வேலைக்கு வருகிறதாம், இடம் வேண்டுமாம். மகள் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துப்போனாள். பட்டறைக்காரர் ஒரு பழைய மேஜையைத் துடைத்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து, யாராவது கேட்டால் சொல்கிறேன், மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுத்தால் சீக்கிரம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

படகு ஆள் உயரத்துக்கு முட்டு மேல் நின்றது. பக்கத்தில் ஒரு இரும்பு ஏணி சாத்தியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் படகைத் தொட்டதுகூட இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே இறங்கினாள். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்த கறை. இருக்கையின் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நடுவில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து கடல் தெரியவில்லை. பட்டறையின் மதில் தெரிந்தது, மற்ற படகுகள் தெரிந்தன. வேலையாள் ஒருவன் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு வந்தான். மேலே பார்க்காமல் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான். நாலு படகு தள்ளி ஒரு படகில் அதைச் சாத்தி, ஏறி நின்று, பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தான். நீலநிறத் தூள் கீழே விழுந்துகொண்டிருந்தது.

அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சுரண்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.