மைனஸ் இருபதுக்குக் கீழே

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் நான்கு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் அடையாள அட்டையைக் கழற்றி செக்யூரிட்டி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இப்போது ஒரகடத்தில் ஜோவிதா அக்காவின் பெயின்ட் பட்டறையில் பகல் வேலை. கம்ப்ரசரும் காற்றுக் குழாய்களும் என் பொறுப்பு.

பேட்டரிப் பெட்டிகளுக்கு நாங்கள் ஸ்பிரே அடித்துக் கொடுத்த மூடிகள் இரண்டு முறை திரும்பி வந்திருந்தன. பெயின்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள். காற்றோடு தண்ணீர் தெறிக்கிறது என்று பேட்டரி கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மூன்றாவது முறைதான் கடைசி. வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவர்களுடைய ஆள் வருவார். காற்றை உலர்த்தும் டிரையர் ஒன்றை மாட்டி, எத்தனை டிகிரி குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராகும் என்று சொல்லும் அதன் மீட்டர் மைனஸ் இருபதுக்குக் கீழே காட்டினால்தான் ஸ்பிரே அடிக்க விடுவார். காட்டாவிட்டால் அந்த வேலை போய்விடும். மீதி வேலை இரண்டு பேருக்குத்தான் காணும். நாங்கள் ஏழு பேர்.

அக்காவுக்குத் தண்ணீர் விஷயத்தில் நம்பிக்கை இல்லை. "நாம அடைக்கிறது காத்துதானே? தண்ணி எங்கருந்து வருது?" கம்ப்ரசர் டேங்க்கைத் திறந்து வடிக்கவும் விடமாட்டார். "கரண்ட் போட்டு அடைச்ச காத்து. தொறந்து வுடாத."

ஒருநாள் கேட்காமல் டேங்க்குக்கு அடியில் பக்கெட்டை வைத்து, மணிக்கொரு தரம் வால்வைத் திறந்தேன். சாயங்காலம் பக்கெட் நிரம்பியிருந்தது. அக்கா விரலை விட்டுப் பார்த்தார். பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்தார். மே மாதம். ஒரு துண்டு மேகம் இல்லை.

எட்டு அறைக் காற்றை ஒரே அறையில் அடைத்தால், அதிலிருந்த ஈரத்துக்கு இடம் போதாது. தண்ணீராக விழும். டேங்க்கில் விழாதது ஆவியாகவே குழாயில் போகும், பெயின்ட் அடிக்கும் கூண்டான ஸ்பிரே பூத்தில் விழும். நாங்கள் நிற்கும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை டிரையர் விற்கிற பாண்டுரங்கன் சோதனைக்காக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். முழுப் பட்டறைக்கும் போதும்படி இருப்பதிலேயே பெரியதை அக்கா கேட்டிருந்தார். ஆள் உயரத்தில் இரண்டு தூண்கள். உள்ளே ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள். அதில் ஒரு பிடியைப் பாண்டுரங்கன் எங்கள் பெயின்டர் தாண்டவராயனின் உள்ளங்கையில் கொட்டி, ஒரு பாட்டில் மூடித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் காணாமல் போயிற்று. தாண்டவராயன் கையை உதறினார்.

"யோவ், சுடுதுய்யா! என் மாமியா மாரி கீது. தண்ணி குடுத்தாலும் சுடுது."

கீழே சிதறியதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஈரம் இல்லை.

"ஒரு தூண் குடிக்கும் மேடம், இன்னொண்ணு காயும். காயறதுக்கு, உலர்ந்த காத்துலயே கொஞ்சம் அதுக்குள்ள விட்டு வெளிய தள்ளும்" என்றார் பாண்டுரங்கன்.

"கொஞ்சம்னா?"

"நூத்துக்குப் பதினஞ்சு."

அக்கா முகம் மாறியது. டிரையர் ஓடத் தொடங்கியதும் அடியில் புஸ்ஸென்று சத்தம் நிற்காமல் வந்தது. மீட்டரில் எண் இறங்கி இறங்கி மைனஸ் நாற்பத்தொன்றில் நின்றது. இனி அந்தக் காற்றிலிருந்து ஒரு சொட்டு வரவழைக்க அவ்வளவு குளிர் வேண்டும். குழாய் முனையில் கையை நீட்டினேன். காற்று வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சிக்கல். கிரைண்டரும் ஸ்பிரே கன்னும் ஒன்றாக ஓடினால் அழுத்தம் விழுந்தது. அன்று மாலை அது சரியாகிவிட்டது. டிரையரின் புஸ் சத்தமும் அடங்கியது. நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மீட்டர் பிளஸ் ஆறு காட்டியது.

குனிந்து பார்த்தேன். வெளியே தள்ளும் காற்றின் ஸ்க்ரூவை யாரோ இறுக்கி மூடியிருந்தார்கள். இரண்டு தூணும் ஒன்றரை நாளாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. காயவே இல்லை.

"நான்தான் மூடுனேன். அழுத்தம் வந்துச்சுல்ல? மீட்டரும் அப்டியேதான் நின்னுச்சு" என்றார் அக்கா.

"வயிறு நெறையற வரைக்கும் நிக்கும்க்கா. இப்ப நெறஞ்சிடுச்சு."

"நாலு மணிக்குள்ள காயுமா?"

"தெரியல. வேற யாரும் காத்தைத் தொடாம இருந்தா ஒருவேள காயும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பட்டறை நடுவில் நின்று கத்தினார். "கிரைண்டர ஆஃப் பண்ணுங்க. எல்லா வால்வையும் மூடுங்க. எவனும் காத்து எடுக்கக் கூடாது!"

அவர் கையாலேயே ஸ்க்ரூவைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. கையை அருகில் வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. ஒன்றரை நாள் குடித்ததை அந்தத் தூண் வெளியே விட்டது. மூன்று நிமிடம் கழித்து டக்கென்று மாறி, மற்றது விட்டது.

பத்து மணிக்குப் பூஜ்யம். பதினொன்றுக்கு மைனஸ் ஐந்து. பிறகு ஒரு மணி நேரம் அசையவே இல்லை. ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். யாரும் செல்போனை எடுக்கவில்லை. தாண்டவராயன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். யாரும் கேலி செய்யவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு மைனஸ் பதின்மூன்று. மூன்றரைக்கு மைனஸ் பத்தொன்பது.

அவர்களுடைய ஆள் தமிழ்வாணன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். மீட்டர் முன் குனிந்தார். மைனஸ் இருபத்திரண்டு. எழுதிக்கொண்டார். "அடிங்க" என்றார்.

முதல் மூடியைத் தாண்டவராயன் அடித்து முடித்ததும், தமிழ்வாணன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் எங்கும் உடையாமல் மூடி முழுவதும் ஓடியது. "அடுத்தது" என்றார். முப்பது மூடிகளையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் அக்கா பாண்டுரங்கனுக்குப் போன் செய்தார். "பெரிசு வேணாம் சார். பூத்துக்கு மட்டும் போற லைன்ல சின்னது ஒண்ணு போடுங்க. கிரைண்டருக்கு எதுக்கு உலர்ந்த காத்து? சின்னதுன்னா அது வெளிய தள்றதும் கம்மிதானே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஸ்க்ரூவுக்குப் பூட்டு போட முடியுமா?"

"யார் கை வெப்பாங்கன்னு பயம் மேடம்?"

"நான்தான்" என்றார் அக்கா.