கடைசி பெஞ்சுக்குக் கீழே

பெர்னார்ட் குழாயின் மேல் காந்தத்தை வைத்து எடுத்தான். ஒட்டவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தான், அங்கேயும் ஒட்டவில்லை. இரும்பில்லை, நிஜமான எவர்சில்வர்தான். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்டுப்போன சாமான்களில் இப்படி இரண்டு குழாய்கள் நாச்சம்மாளின் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. மைசூர் தேவராஜ மொஹல்லா முழுக்கத் தேடியும் கிடைக்காததால்தான் அவன் இந்தக் கடை வாசலை மிதித்தான். இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

அவன் கையில் இருந்தது மெலிசான, பளபளப்பான குழாய். அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தான். தகரம் பிரித்துக்கொண்டிருந்த கெம்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் பெர்னார்டண்ணா, பொண்ணு பார்க்க வந்தாப்பல தடவுறே!"

நாச்சம்மாள் சிரிக்கவில்லை. கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு அவன் விரல்களையே பார்த்தாள்.

"இதுவே போதும். எடை கம்மி, வளைக்க லேசு. தசராவுக்குள்ளே வண்டி ரோட்டுக்கு வரணும்னு பசவராஜ் சௌகார் தலைமேலே நிக்கறாரு. இஞ்சின்லேருந்து வால் வரைக்கும் புதுப் புகைக்குழாய் போடணுமாம்" என்றான் பெர்னார்ட்.

அதே பஸ், கொள்ளேகால் வண்டி. சண்டைக் காலத்தில் கரிவாயுவில் ஓடிய அதில் கரி போடும் ஆளாக இருந்தவன்தான் அவள் புருஷன் ரத்தினசாமி. போன மழைக்கு முந்தின மழையில், காய்ச்சலென்று கடைசி பெஞ்சில் படுத்தான். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல் படுதாவை எல்லாம் இறக்கிவிட்டார்கள். வண்டி மைசூர் வந்து நின்றபோது அந்த பெஞ்சில் இருந்த இரண்டு பேர் இறங்கி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தார்கள். இவன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் முற்றிவிட்டது என்றான் வண்டி ஓட்டி வந்த பெர்னார்ட். வண்டி முதலாளி சௌகாரும் அதையே சொன்னார். பிணத்தை எடுக்க வந்த நாச்சம்மாள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பெஞ்சுக்கு நேர் கீழே புகைக்குழாய் உடைந்து, மண்ணெண்ணெய் டின் தகரம் சுற்றி, கம்பியால் கட்டி, மேலே களிமண் அப்பியிருந்தது. அந்த ஒட்டு வழியாகத்தான் விஷப்புகை பெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. காரியம் முடிந்து போய்ப் பார்த்தபோது குழாயே மாறியிருந்தது. யாரிடம் சொன்னாலும் புருஷனை இழந்தவள் என்னவோ பேசுகிறாள் என்று நகர்ந்தார்கள். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே பழைய இரும்பு பொறுக்கி, இந்தக் கடையைப் பிடித்தாள். குழாய் உடைந்திருந்தது பெர்னார்டுக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினான். அதை அவன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த குழாயை வாங்கி நிறுத்தி, அடி வாயைக் கையால் அடைத்து, மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். பற்றவைத்த தையல் ஓரமாகக் கடுகு கடுகாய் வரிசையாக நீர் துளிர்த்தது.

"கண்ணு தெரியுதுங்களா?"

"லேசான விரிசல். தகரம் ஒண்ணு சுத்தி, கம்பி போட்டு இறுக்கினா முடிஞ்சுது."

கெம்பம்மா கூட வேலையை நிறுத்திவிட்டாள்.

"மறுக்கா தகரமா?" என்றாள் நாச்சம்மாள்.

"சும்னே பழசைக் கிளறாதே தாயி. உன் புருஷன் காய்ச்சல்லே போனான். ஊருக்கே தெரியும்."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. விலையைச் சொல்லு, நான் போறேன்."

அவள் மற்ற குழாயைக் காலால் உருட்டிவிட்டாள். தடித்தது, மங்கியது, ஒரு முனை நசுங்கியது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை வளைக்க வேண்டுமென்றால் உள்ளே காய்ந்த மணலைத் திணித்து, இரண்டு வாயையும் அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். தோள் கழன்றுவிடும்.

"அதுக்கெல்லாம் நேரமில்லே."

"சரி, ஓட்டையையே எடுத்துட்டுப் போ. விலைகூட வேண்டாம்" என்றாள். "உன்ற பொண்டாட்டி விக்டோரியா கொள்ளேகால்ல அவங்கம்மா ஊட்லதானே இருக்கறா? தசராவுக்கு இந்த வண்டிலதானே வருவா? கடைசி பெஞ்சுல உக்கார வை. நானும் கொள்ளேகால் வந்து ஒட்டி உக்காந்துக்கறேன். மழை வந்தா படுதாவை நானே இறக்கியுடறேன்."

"அவ எதுக்கு அங்கே உக்காரணும்? முன்னாடி என் பக்கத்துலே..."



"ஏன், கடைசி பெஞ்சுக்கு என்ன?" என்றாள் நாச்சம்மாள். குரல் உயரவில்லை. "காத்து வராதா?"

வெளியே மூட்டைக்காரன் யாரையோ வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனான். பெர்னார்ட் காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான். பை எங்கே இருக்கிறதென்று தெரியாதவன் போல இரண்டு தடவை துழாவினான். பிறகு மெலிசுக் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, தடித்ததைப் புரட்டினான். ஒரு வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். அதிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னான். கெம்பம்மா ஊற்றினாள். ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை.

"இதைப் போடறேன்" என்றான் தரையைப் பார்த்து.

நாச்சம்மாளுக்கு அவன் சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது. மெலிசுக் குழாயை எடுத்து அவன் மண்டையில் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டால் அந்த வண்டிக்கு யார் குழாய் மாட்டுவார்கள்?

"நசுங்கின முனையை வெட்டணும். வாள் இருக்கா?"

இரும்பு அறுக்கும் வாளை அவன் முன்னால் எறிந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினான். குழாய் உருண்டது. முழங்காலால் அழுத்தினான், மறுபடியும் உருண்டது. கெம்பம்மா எழுந்து வரப் பார்த்தாள். நாச்சம்மாள் அவளைக் கையால் தடுத்துவிட்டு, சேலையை வரிந்து, அவன் முகத்துக்கு நேரே தன் வலதுகாலைத் தூக்கிக் குழாயின் மேல் வைத்து அழுத்தினாள்.

வாள் கடித்தது. அதிர்வு பாதத்தில் ஏறி முழங்கால் வரை வந்தது. வெள்ளைத் தூள் அவள் கால் விரல்கள் மேல் சூடாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவன் அறுத்தான், காலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.