எஞ்சின் மூக்கில் ஒரு பெட்டி

1

இந்தக் கதை என் உடன்பிறந்த மூத்தவள், ராத்தா கமறியாவின் மரணத்திலிருந்து வந்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். (பெயரை மூன்று தடவை மாற்றினேன். மாற்றிய பெயரில் அவள் சாக மறுத்தாள்.)

2

எழுதிக் கைவிட்ட ஆரம்பங்கள்:

கச்சான் காற்று ஊளையிடும் ஒரு பின்னேரம், தண்டவாளம் குறுக்கிடும் காவலில்லாத கோச்சிக் கடவையில், கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண்—

நுரைச்சோலையில் எஞ்சின் பொம்மை செய்யும் ஒருவர்—

இல்லை. பொம்மை என்றால் பதுர்தீன் மச்சானுக்குக் கோபம் வரும். ராத்தாவின் கணவர், மின்நிலையத்தில் வெல்டிங் வேலை. மற்ற நேரமெல்லாம் மாதிரிக் கோச்சிகள்தான், உண்மையானதில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். சாப்பாட்டு மேசையில் தண்டவாளம் போட்டதற்காக ராத்தா ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தாள்.

3

எஞ்சின் சாரதி விசாரணையில் சொன்னது இதுதான்: தூரத்திலேயே கண்டேன், ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தேன், அந்தப் பெண் அசையவில்லை. காற்றில் ஹோர்ன் கேட்டதா என்று ஊரில் யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் கதைக்குக் குறைவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்தக் கதை ராத்தாவின் பதினொரு வயது மகள் றிஷ்னாவின் காதுக்கும் போனது.

"சாச்சி, உம்மா எங்கள வேணாமெண்டா போனா?"

கேட்டது என்னிடம். மச்சான் சொன்னார்: "இல்ல மகள். டிரைவருக்கு உம்மாவ கண்டிருக்கவே ஏலாது. நான் காட்டுறன் பாருங்க."

4

அவரிடம் இருந்த மாதிரி அந்த எஞ்சினின் பழைய வடிவம். ராத்தாவை மோதியது பிந்திய வடிவம். அதில் சாரதி அறைக்கு முன்னால், நீண்ட மூக்கின் மேல் ஒரு இரும்புப் பெட்டி பிறகு பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டி கடவையை மறைத்திருக்கும் என்பது மச்சானின் வாதம்.

பழைய கூரையை அறுத்தார். ஜன்னல்களைச் சிறிதாக்கினார். ஒரு படத்தைப் பார்த்து அளவெடுத்து, பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி செய்து, அராவி, பட்டி பூசி, மஞ்சள் கோடு இழுத்தார். மேசையில் வளைவு, கடவை. கடவையில் கறுப்புப் பூசிய ஒரு தீக்குச்சித் துண்டு. சாரதி அறையின் பின்சுவரைக் கழற்றிக் கண்ணை வைத்தார்.

தீக்குச்சி தெரியவில்லை.

அவர் அழுதார். நானும் அழுதேன். கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்ல எழுத்தாளர்.

5

கோடு அவரை விடவில்லை. மாதிரியில் பெட்டியின் விளிம்பு மஞ்சள் கோட்டைத் தொட்டது. அதே எஞ்சினின் இன்னொரு படத்தில் இடைவெளி இருந்தது. வேறு யாராவது என்றால் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். இவர் லீவு போட்டு ஸ்டேஷனுக்குப் போய், கெஞ்சி எஞ்சினில் ஏறி, டேப் பிடித்து அளந்து வந்தார். முதல் அளவை எடுத்த படம் பிளாட்போமில் கீழே நின்று எடுத்தது. பெட்டி பெரிதாக விழுந்திருக்கிறது.

மாதிரியில் இரண்டு மில்லிமீற்றர் பிழை. உண்மை எஞ்சினில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு.

சரியான பெட்டியைச் செய்து வைத்தார். தீக்குச்சி தலை முதல் கால் வரை தெரிந்தது.

6

(இதை அடித்துவிடத்தான் இருந்தேன். கடைசி மாதங்களில் ராத்தா அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கை நீட்டமாட்டாள். கதைக்கு நல்ல விவரம் என்று கொப்பியில் குறித்து வைத்தேன். என்ன ராத்தா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இழிவானவள்.)

7

"ஷம்லா, நீ கதைதானே எழுதுற," என்றார் மச்சான். "அதில பெட்டிய ரெண்டு மில்லிமீற்றர் கூட்டி எழுதேன்."

"நீங்களே பழைய பெட்டிய ஒட்டுங்களேன்."

"பிழையெண்டு தெரிஞ்ச பொறகு எனக்கு கை வராது. ஒனக்கு அது தொழில்தானே."

எழுதிப் பார்த்தேன்: பெட்டி உயரமானது, சாரதிக்கு எதுவும்—

முடிக்க முடியவில்லை. பொய் எழுதப் பயந்தல்ல. வளர்ந்த பிறகு றிஷ்னாவும் ஒரு நாள் டேப்போடு ஸ்டேஷனுக்குப் போவாள், அவள் தகப்பனுடைய பிள்ளை. சரியான பெட்டியை எழுதினாலோ, ராத்தா நின்றாள் என்றுதான் தெரியும். ஏன் நின்றாள் என்று எந்தப் பெட்டியும் சொல்லாது.

8

முடிவு என்னிடம் இல்லை.

இரண்டு பெட்டிகளும் மேசையில், பசை திறந்தபடி. மத்ரசா விட்டு றிஷ்னா வந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா வாப்பா? இப்ப பார்க்கலாமா?"

மச்சான் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். ஏதாவது ஒன்றை எடுத்து ஒட்டுங்கள். பிள்ளை எஞ்சினுக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிவிட்டாள்.