கேள்வியும் பதிவாகட்டும்

“ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளியில இருக்கீங்க. அப்போ குழந்தை யார்கிட்ட?”

நீதிபதி கேட்டதும், கூண்டில் நின்றவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். “சாயங்கால ஷிப்டு இருக்கிற அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டுப் போவேன் மேடம். வந்ததும் கூட்டிட்டு வந்துடுவேன்.”

நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். “நான் இரவில் வெளியே செல்வது வழக்கம். அப்போது என் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்வேன்.”

அந்த நீதிமன்றத்தில் நடைமுறை அதுதான். கேள்வி ஏட்டில் ஏறாது. பதில் மட்டும், சாட்சி தானாகவே வந்து சொன்னதுபோல ஏறும். பச்சைப் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அவள் ஓட்டும் பேருந்து அந்த இரண்டு வரிகளில் எங்கேயும் இல்லை. இரவில் வெளியே செல்கிற யாரோ ஒருத்தி மட்டும் இருந்தாள். ஏழு வயது மகள் யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கப்போவது அந்த ஒருத்தியை வைத்துத்தான்.

அவளுடைய வக்கீல் எழுந்தாள். பழைய காகிதத்தூசி ஒத்துக்கொள்ளாததால் அந்த வளாகத்தில் அவளுக்குத் ‘தும்மல் வக்கீல்’ என்றே பெயர். ஒரு முறை தும்மிவிட்டுத்தான் பேசினாள்.

“மேடம், கேள்வியையும் அப்படியே பதிவு செய்யணும்.”

“எதுக்கு? பதில் போதாதா?”

“பதில் மட்டும் இருந்தா இவங்க ஊர் சுத்தப் போற மாதிரி இருக்கு. பஸ் ஓட்டப் போறாங்க மேடம்.”

“இனிமே பஸ்ஸுக்கும் ஒரு வக்காலத்து போடுவாங்க போல” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். இரண்டு பேர் சிரித்தார்கள். தும்மல் வக்கீல் உட்காரவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சலிப்போடுதான் ஆரம்பித்தார். “கேள்வி: இரவு பத்து மணி வரை வெளியில் இருக்கிறீர்கள். அப்போது குழந்தை…” பாதியில் குரல் நின்றது. தன் வாயிலிருந்து வந்ததை முதல்முறையாகக் கேட்பவர்போல இருந்தார். அவரும் பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டுத்தான் இத்தனை காலம் இந்த நாற்காலிக்கு வந்திருக்க வேண்டும். “முழுசாப் போடுங்க. அவங்க வேலைக்குப் போறதையும் சேருங்க” என்றார்.

அடுத்துக் கணவன் ஏறினான். மருந்துத் தொழிற்சாலையில் இரவு வேலை என்பதை நிரந்தர வருமானத்துக்குச் சான்றாக அவனே பெருமையாகச் சொன்னான். அவன் வக்கீல் உட்காரப் போனபோது நீதிபதி குறுக்கிட்டார். “நீங்க நைட் ஷிப்டு போறப்போ குழந்தை யார்கிட்ட இருக்கும்?”

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. “அதான்… எங்க அக்கா இருக்காங்களே.”

அவன் தரப்புச் சாட்சியாக வந்திருந்த அவனுடைய அக்கா கூண்டில் ஏறியதும் நீதிபதி அதையே கேட்டார்.

“எங்கிட்ட விடப்போறான்னு இப்போதான் எனக்கே தெரியும் மேடம்” என்றார் அவர். இந்த முறை அறை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “என் தம்பி தங்கமானவன். புள்ள மேல உசுரையே வெச்சிருக்கான். ஆனா அதுக்கு எந்தக் கால்ல செருப்பு கடிக்குதுன்னு இவளுக்குத்தான் தெரியும்.”

கேள்வியும் பதிலுமாக அதுவும் ஏறியது. தீர்ப்பு விடுமுறைக்குப் பிறகு என்றார்கள்.

நடைகூடத்தில் அவள் ஓடிப்போய்க் கணவனின் அக்கா கையைப் பிடித்தாள். “அண்ணி…”

“நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத. அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான், நான் சமாளிச்சுக்கறேன். நீ போய் வண்டிய எடு. நேரமாகுது.”

சாயங்கால நெரிசல் வடிந்தபிறகு, அவள் பேருந்தின் முன்வாசல் வழியாகத் தும்மல் வக்கீல் ஏறினாள். சுருட்டிய கறுப்பு அங்கியை மடியில் வைத்துக்கொண்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தவள், “கடைசி ஸ்டாப்புக்கு முந்தினது” என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமலிருக்க, வேகத்தடை ஒவ்வொன்றையும் தூளியை ஆட்டுவதுபோல மெல்லத் தாண்டினாள் இவள். அந்த நிறுத்தம் வந்தது. கதவைத் திறந்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் ஸ்டியரிங்மீது கைகளை வைத்தபடி இருந்தாள்.

“என்னம்மா, வண்டியும் தூங்குதா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இவள் கண்ணாடியில் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.