நூல் போட்ட பள்ளம்

எனக்குக் கோபம் தலைக்கேறினால் கத்தரி நேராக ஓடாது. அந்த வாரம் யாரோ ஒருவருடைய பேண்டை இரண்டு விரல்கடை கூடுதலாக வெட்டித் தொலைத்தேன். நல்ல துணி. புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

முப்பது வருஷமாகத் தைக்கிறேன். ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என் தங்கச்சியைப் படிக்க வைத்தது அந்தத் தையல் மெஷின்தான். அவள் இப்போது பெரிய பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நாற்காலி, கண்ணாடிக் கதவு, சுவரில் டிவி.

"ஆறு மாசத்துக்கு ஒருதடவை பல்லைக் காட்டணும்க்கா, எங்க இடத்துக்கே வா" என்றாள். போனேன். இரண்டு வருஷத்தில் நாலு தடவை, நாலு டாக்டர். நான் என்ன சட்டைத் துணியா, ஆளுக்கு ஒரு அளவெடுக்க? முதல் ஆள் என் மேல் முன்பற்கள் இரண்டிலும் பள்ளம் இருக்கிறது, விரிசலாக இருக்கலாம் என்றார். இரண்டாவது ஆள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் உறை கொடுத்தார். மூன்றாவது அம்மாள் புளிப்பைக் குறைக்கச் சொன்னார். நாலாவது டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுக்கும் கேப் போட்டுடலாம்" என்றார். இடது பல்லை அன்றைக்கே ராவி, கேப் என்கிற அந்த உறையை மாட்டினார். வலது பல்லுக்கு வருகிற வியாழக்கிழமை.

நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று கேட்காதீர்கள். வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறவள் எதைக் கேட்பாள்?

திங்கட்கிழமை ஒரு பொத்தானைத் தைத்து முடித்து, பழக்கத்தில் நூலைக் கடித்தேன். கேப் ஓரம் உடைந்து நாக்கில் விழுந்தது. தங்கச்சிக்குப் போன் செய்தேன். வியாழன்வரை இடமே இல்லை, பொறுத்துக்கோ என்றாள். உடைந்த முனை நாக்கைக் கீறிக்கொண்டே இருந்தது. எப்படிப் பொறுப்பது?

என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பல் டாக்டரம்மா தனியாக நடத்துகிறார். ஒரே நாற்காலி. போனை எடுப்பது, கருவிகளைக் கழுவி வேக வைப்பது, எல்லாம் அவரேதான். இத்தனை வருஷம் அந்தப் போர்டைப் பார்த்து, கூட்டமே இல்லாத இடத்தில் என்ன வைத்தியம் நடக்கும் என்று இளக்காரமாக நினைத்திருக்கிறேன். நினைத்த வாயைத்தான் தைக்க வேண்டும்.

அவர் உடனே விளக்கைப் போடவில்லை. ஸ்டூலை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உடையும்போது என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நூலைக் கடிச்சேன்."

"எத்தனை வருஷமா கடிக்கிறீங்க?"

"முப்பது."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னார். வலது பல்லைப் பார்த்தார். ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் பையிலிருந்த நூலையே வாங்கி அந்தப் பள்ளத்தில் வைத்தார். நூல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது நூல் போட்ட பள்ளம்மா. சொத்தையும் இல்ல, விரிசலும் இல்ல. இனிமே கத்தரியால வெட்டுங்க. பள்ளம் பெருசானா அடைச்சுக்கலாம், இப்ப அதுக்கும் அவசரமில்ல."

"இடது பல்லு?"

"ராவுறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?" என்றார். ராவுவதற்கு முன்னால் எடுத்த படத்தை ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்து நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"அதுவும் இதேதான். ராவியிருக்க வேண்டாம்."

நல்ல பல். என் பல். ராவிய பல் திரும்ப முளைக்காது. அவர் உடைந்த முனையைத் தேய்த்து வழவழப்பாக்கினார். ஒரு அட்டையில் தன் கையாலேயே எழுதிக்கொண்டு, "ஆறு மாசம் கழிச்சு வாங்க, நானேதான் பார்ப்பேன்" என்றார். நான் அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த நாலாவது டாக்டரை வெளியே வரவழைத்தேன். காத்திருந்த பத்துப் பேரும் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நான் தைக்கிறவ. நூலைக் கடிச்சு வந்த பள்ளம் இது. ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா உங்களுக்கு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கவுண்டரில் இருந்த ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார்.

"தொழில் பார்த்தேம்மா. இதுல இப்படித்தானே இருக்கு? தையல்னு இருந்திருந்தா நூலைப் பத்தித்தான் முதல்ல கேட்டிருப்பேன்."

என் பெயர், என் வயது, என் போன் நம்பர். தொழில் என்ற இடத்தில், இல்லத்தரசி.

நான் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் நிரப்பியவள் கவுண்டருக்குப் பின்னால், இதோ, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி?"

"அப்ப நான் வேலைக்குப் புதுசுக்கா. மேனேஜர் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. இங்க எல்லாருக்கும் நீ என் அக்கான்னு தெரியும்... கொஞ்சம் மெதுவா பேசேன்."

மெதுவாகவாம். டாக்டர் மேல் வந்த கோபமெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. அவர் அந்நியர். இவள் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போன ஒவ்வொரு உடுப்பிலும் கடைசி நூலை இந்தப் பல்லால்தான் கடித்து அறுத்தேன்.

"வியாழக்கிழமை வர மாட்டேன், என் பேரை அடிச்சுடு. இனிமே பல்லைச் சுத்தம் பண்றதும் அந்த ஒத்தை நாற்காலி அம்மாகிட்டதான்" என்றேன். பிறகு காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் டைலர். இவ என் தங்கச்சி."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மரியாதையாகத் தலையைக்கூட ஆட்டினார். இப்போதாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள் என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.