சூசைநாதனின் மீசை

புதுச்சேரி நகரசபை ஆபீசில் பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா சூசைநாதன், வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆனாலும் பந்தாட்டத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரில் ஓர் ஆள் உறுதியாக நம்பினான். அந்த ஆள் சூசைநாதன்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வேம்புவின் சவரக்கடைக்கு வந்துவிடுவான். அங்கே அவன் வாய்க்குத் தப்பியது எதுவும் கிடையாது. சாமியார் பிரசங்கம் அரைமணியைத் தாண்டினால், "ஆஃப் டைம் வுடாம ஆடுறாருப்பா" என்பான். பேசும் படம் பார்த்துவிட்டு வந்தால், "கழுத்துல கத்தி வெச்சிட்டான். இவ நாலு பாட்டுப் பாடி முடிக்கிறா. அவனும் கத்தியப் புடிச்சிக்கினு நிக்கிறான், நம்ம மில்லு டீம்ல கோலுக்கு முன்னால நிக்கிற பேக்கு மாதிரி" என்பான். சைக்கிள் பந்தயத்தில் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தவன் தவளக்குப்பம் கள்ளுக்கடையைக் கண்டதும் இறங்கிக்கொண்ட கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் அவன் குடித்த கள்ளு ஒரு மொந்தை கூடும்.

ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவன் நாக்கு நன்றாகக் கூராகும். ஒருவன் ஒருமுறை தடுக்கி விழுந்துவிட்டால் போதும். சூசைநாதன் வைக்கிற பட்டப்பெயர் அவன் பிள்ளைகள் காலம்வரை கூடவே வரும். கடையில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், பட்டப்பெயர் கிடைத்தவனைத் தவிர.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் யார் ஜெயிப்பார்கள் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்காவிட்டால் அடுத்த ஞாயிறு வேம்பு அவனுடைய மீசையில் பாதியை வழித்துவிடுவான். மீதிப் பாதியோடு அவன் ஒரு வாரம் ஊருக்குள் நடமாட வேண்டும். காசு பணம் கிடையாது. மானம்தான் பந்தயம்.

சூசைநாதனின் மீசையோ மெழுகு போட்டு முறுக்கிய மீசை. ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரியே அதைப் பார்த்து ஒருமுறை "போ!" என்று, அதாவது பிரெஞ்சில் அழகு என்று, பாராட்டியிருக்கிறான். அன்றிலிருந்து சூசைநாதன் அது தலையணையில் படாமல் மல்லாந்தே தூங்கினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு பண்டிகையில் மில் அணிக்கும் படகுத்துறை அணிக்கும் கடைசி ஆட்டம். மில்லில் அப்போது ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. துணி விற்கவில்லை என்று வாரம் பத்துப் பேர், இருபது பேர் என்று வெளியே தள்ளினார்கள். அணியில் ஆடுகிறவர்களை மட்டும் தொடவில்லை. மில் துரைக்கு ஆட்டத்தின் மேல் அவ்வளவு பைத்தியம்.

மில் அணியின் கோல்கீப்பர் தனிஸ்லாஸ் தறி ஓட்டுகிறவன். சூசைநாதனின் ஒரே தங்கை ஆனந்தமேரியின் புருஷன். அந்த வருஷம் அவன் வலது பக்கம் வரும் பந்துக்கு மட்டும் முகத்தையே முழுசாகத் திருப்புவதைச் சூசைநாதன் கவனித்துவிட்டான். மற்றக் குணங்கள் எப்படியோ, அவனுக்குக் கண் கூர்மை. தங்கை வீட்டுக்குப் போய்க் கேட்டான். அவள் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

"தறியில ஓடுற நாடாக்கட்ட தெறிச்சி அடிச்சிருச்சி அண்ணே. வலது கண்ணுல ஒண்ணுமே தெரியல. கண்ணு வலின்னு சொல்லி ஒரு வாரம் சமாளிச்சாரு. டாக்டரு பாத்து கண்ணு தெரியலன்னு சர்த்திபிக்கா எழுதிட்டா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க. மில்லு குடுத்த லைன் வூட்டையும் காலி பண்ணணும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவேன்? யாருக்கும் சொல்லமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

சூசைநாதன் மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். உண்மையாகவே மனம் கலங்கித்தான் செய்தான். அந்தக் கலக்கம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்கியது.

ஞாயிறன்று கடையில் ஜவுளிக்கடை இராமதாஸ், "மில்லுதான் ஜெயிக்கும். தனிஸ்லாஸ் இருக்கான், பந்து உள்ள போவுமா?" என்றான். கடை முழுவதும் தலையாட்டியது. எல்லோரும் ஒன்றைச் சொல்ல, அது தப்பு என்று தனக்கு மட்டும் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம்! அந்தச் சுகத்தை வாயில் வைத்துக்கொண்டு அவனால் விழுங்க முடியவில்லை.

"மில்லு தோக்கும்," என்றான். "என் மீசை மேல சொல்றேன்."

"எப்படிங்கய்யா சொல்றீங்க?" என்றான் வேம்பு.

"பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சத்தியத்தை எங்கே மீறினோம் என்று வழி நெடுகத் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பண்டிகையன்று மைதானத்தில் ஒரு பக்கம் வழுக்குமரம், ஒரு பக்கம் சாக்குப் பந்தயம். நாற்காலிகளில் துரைமார்கள். சூசைநாதனும் இராமதாசும் கூட்டத்தோடு கூட்டமாக மில் அணியின் கோலுக்குப் பின்னால் நின்றார்கள். தனிஸ்லாசின் முதுகு பத்தடி தூரத்தில் இருந்தது.

அன்றைக்குத் தனிஸ்லாஸ் ஆடிய ஆட்டம் யாரும் ஆடியதில்லை. வலது கம்பத்தை ஒட்டியே நின்றுகொண்டு, எல்லாப் பந்தும் தன் இடது பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டான். பாய்ந்து விழுந்தான், முழங்கை தோலுரிந்தது, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். ஒற்றைக் கண்ணோடு ஒரு மனிதன் தன் வேலையையும் வீட்டையும் காத்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் அது தெரிந்த ஒரே ஆள் சூசைநாதன். அவனோ மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆஃப் டைம் ஆயிற்று, கோல் இல்லை. இன்னும் பத்து நிமிஷம்தான், அப்போதும் இல்லை. சமமாக முடிந்தாலும் சூசைநாதன் சொன்னது பொய்தான். இராமதாஸ் அவன் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினான்.

"எந்தப் பாதி வேணும் அண்ணே? எடதா, வலதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருஷம் மற்றவர்களைப் பார்த்து அவன் ஊரைச் சிரிக்க வைத்த அதே சிரிப்பு. திங்கட்கிழமை அரை மீசையோடு ஆபீஸ் படியேறுவதை நினைத்தான். காது சுட்டது. அந்த நேரம் பார்த்துப் படகுத்துறை அணியின் அம்மாவாசை பந்தோடு தனியாக உள்ளே வந்தான். தனிஸ்லாஸ் கம்பத்தை விட்டு முன்னால் ஓடினான்.

"வலது பக்கம் அடிடா! அவனுக்கு வலது கண்ணு தெரியாதுடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. அம்மாவாசை அடித்தான். பந்து தனிஸ்லாசின் வலது தோளுக்குப் பக்கத்தில் போயிற்று. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. சூசைநாதன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். குதித்து இறங்கிய பிறகுதான் என்ன கத்தினோம் என்பது அவனுக்கே உறைத்தது.

நாற்காலியில் இருந்த மில் துரைக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குத் தெரியும்.

மறுநாள் காலை டாக்டர் தனிஸ்லாசின் இடது கண்ணைப் பொத்தி, எத்தனை விரல் என்று கேட்டார். மத்தியானம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆனந்தமேரி இரண்டு பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் பெண்டாட்டி இல்லாத அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"எவன் அண்ணே அது? நீ அங்கதான நின்ன?"

"எவனோ குடிகாரன்," என்றான் சூசைநாதன். "கூட்டத்துல யாருன்னு பாக்கிறது? ஊரு பூரா விஷயம் தெரிஞ்சிருக்கும் போல."

அன்றைய செபத்தின் முடிவில் அவள் முந்தானையை விரித்து மாதா படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டாள். "எம் புள்ளைங்க சோத்துல மண்ணப் போட்ட அந்த வாயி அழுகிப் புழு வைக்கணும் தாயே. ஒரு வாய் தண்ணி எறங்காம சாவணும்." எல்லோரும் முழந்தாளில் இருந்தார்கள். சூசைநாதன் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றான். தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான்.

ஞாயிறு கடையில் வழக்கம் வழக்கம்தான். அந்த ஒரு கோலில் மில் தோற்றதால் இராமதாசுக்குப் பாதி மீசை போயிற்று. ஜெயித்த சூசைநாதனை நாற்காலியில் உட்காரவைத்து வேம்பு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான். அப்போது தனிஸ்லாஸ் வாசலில் வந்து நின்றான்.

இராமதாசுக்குத் தன் மீசையின் எரிச்சல். "வா தனிஸ்லாசு. பின்னாடியிருந்து கத்துனது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

வேம்புவின் கை நின்றது. தனிஸ்லாஸ் முதுகைக் காட்டிக்கொண்டுதானே நின்றான், எப்படித் தெரியும் என்ற ஒரு நம்பிக்கையில்தான் சூசைநாதன் இரண்டு நாளாகச் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"கண்ணு ஒண்ணுதான் போச்சு," என்றான் தனிஸ்லாஸ். "காது ரெண்டும் நல்லா இருக்குது."

பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, கோணலாக இருந்த மீசை நுனியைத் தன் விரலால் மெல்ல நிமிர்த்திவிட்டான்.

"ஆனந்தமேரி சோறு போட்டு வெச்சிக்கினு உக்காந்திருக்கா மச்சான். அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ராவிக்குச் செபத்துல திரும்ப அதையேதான் வேண்டப் போறா. நேத்து மாதிரியே நீங்க சத்தமா ஆமென் சொல்லணும். நான் பக்கத்துல இருந்து கேப்பேன்."